கார்பன் காசும் நம்ம கழனியும்



இந்த மலருக்கு நம் கூட்டமைப்பின் வரலாற்றில் ஒரு பகுதியை எழுதித் தரும்படி கேட்டார்கள். வங்கிக் கடன் வாங்கின கதை, கறவை மாட்டுக் கதை, கட்டடம் கட்டின கதை எல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் கணக்கு நோட்டு வைத்திருந்தவள். அதனால் கணக்கு சம்பந்தமான ஒன்றையே எடுத்துக்கொண்டேன். 2022-ஆம் வருசத்துத் தீர்மான நோட்டில்தான் ‘கார்பன்’ என்ற சொல் முதல் தடவை வருகிறது. அதற்கு அடுத்த இரண்டு வருசம் அந்தச் சொல் இல்லாத மாதக்கூட்டம் குறைவு. அது என்ன, அது நமக்குக் கட்டுமா கட்டாதா என்று நாம் எப்படிப் பார்த்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். அப்போது குழுவில் இல்லாத பிள்ளைகளுக்கு இது உபயோகப்படும்.

வந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு தம்பிகள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். “நீங்க வயல்ல தண்ணியக் காய விட்டுப் பாய்ச்சினா, வரப்புல மரம் வெச்சா, அதுக்கு வெளிநாட்டுக் கம்பெனி காசு தரும்” என்றார்கள். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, “எம்மா, இதுக்கு முன்னாடி தேக்கு மரம்னாங்க, காட்டாமணக்குன்னாங்க, ஈமு கோழின்னாங்க. இது எந்தக் கணக்குல சேத்தி?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்புக்கு உரியது இல்லை. அதிலிருந்துதான் எங்கள் வேலையே ஆரம்பித்தது.

பெரியம்மா சொன்னது நம் மாவட்டத்தின் வரலாறு. 1981-ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்பு வந்தது. ஏரிக்குள்ளே கருவேலம் நட்டார்கள். எங்க அம்மா காலத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போன இடத்தில் காவல் வந்தது. மரம் பெரிதானதும் ஏலம் போனது, காசு ஊராட்சிக் கணக்கிலும் அரசாங்கக் கணக்கிலும் சேர்ந்தது. ஆடு மேய்த்தவர்களுக்குச் சுள்ளிதான். தொண்ணூறுகளில் தேக்குப் பண்ணைக் கம்பெனிகள் வந்ததும், பணம் கட்டினவர்கள் தலையில் துண்டு போட்டதும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் காட்டாமணக்கு. 2003-ல் மத்திய திட்டக்குழுவின் கமிட்டி அதிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. தரிசில் வளரும், தண்ணி வேண்டாம், ஆடு தின்னாது என்றார்கள். ஆடு தின்னாதது மட்டும் நிசம். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நட்டவர்களை நேரில் கண்டு செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. விளைச்சல் சொன்னதில் ஒரு பங்குகூட வரவில்லை, மல்லாட்டை போட்ட நிலத்தைக் கெடுத்ததுதான் மிச்சம் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பக்கம் இன்னும் சில வேலியோரம் அந்தச் செடி நிற்கிறது, பார்த்திருப்பீர்கள்.

ஆனால் கார்பன் விவகாரத்தை ஈமு கோழியோடு சேர்த்துத் தள்ளிவிடுவதும் சரியில்லை என்று எனக்குப் பட்டது. இதில் யாரும் நம்மிடம் முன்பணம் கேட்கவில்லை. பின்னால் நிசமான விஞ்ஞானமும் இருக்கிறது. நிரந்தரமாகத் தண்ணீர் கட்டிய நெல்வயலில் மண்ணுக்குக் காற்று போகாமல், மட்குகிற பொருளிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. நாற்று நடும்போது காலடியில் கொப்புளம் கொப்புளமாக வருமே, அதில் இருப்பது அதுதான். நூறு வருசக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வயலைக் காய விட்டால் அது குறையும். நம் தாத்தாமார் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொன்னதைத்தான் இன்று உலகம் பூராவும் வேறு பெயரில் சொல்கிறார்கள்.

இந்தக் கார்பன் வியாபாரம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொண்டோம். 1997-ல் ஜப்பானில் கியோட்டோ என்ற ஊரில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அது 2005-ல் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைக்க வேண்டும். முடியாத மிச்சத்துக்கு ஏழை நாட்டில் ஒருவர் குறைத்ததைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். இந்தியாவில் விவசாயிகள் நிலத்தில் மரம் நட்டு அதில் பதிவான முதல் திட்டம் அரியானாவில் சிர்சா மாவட்டத்தில், 2009-ல். எட்டு ஊர், 227 விவசாயிகள், மணல் ஏறிக் கெட்ட நிலம் ஏறத்தாழ 370 ஹெக்டேர். மூன்று வருசம் கழித்து, 2012 கடைசியில், அந்தச் சந்தையில் ஒரு டன்னின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. மரம் நட்டவர் செய்த தப்பு எதுவும் இல்லை. தக்காளி விலை மாதிரிதான். என்ன, தக்காளி என்றால் மூன்று மாசத்தில் வேறு பயிர் போடலாம்.

கென்யா நாட்டுக் கதை எங்களுக்கு ரொம்ப உதவியது. அங்கே மேற்குப் பக்கம் கிசுமு, கிடாலே பகுதிகளில் விவசாயிகள் நம்மைப் போலவே குழுவாகச் சேர்ந்து, உலக வங்கியின் நிதி ஒன்றோடு 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தொழு உரம், மூடாக்கு, வரப்பு மரம், ஊடுபயிர் இதெல்லாம் செய்து மண்ணில் கார்பன் சேர்ப்பது திட்டம். 2014 ஜனவரியில் முதல் தவணையாக எழுதப்பட்ட கிரெடிட் 24,788 டன். அப்போது திட்டத்தில் இருந்தவர்கள் 30,000 பேர் சுமார். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு டன் கூட வரவில்லை. அங்கே குடும்பத்துக்கு நின்ற லாபம் மக்காச்சோளம் கூட விளைந்ததுதான். கார்பன் காசு மேலே தூவின கொத்தமல்லி மாதிரி. இதைப் படித்த பிறகு நம் கேள்வியே மாறிவிட்டது. ‘எவ்வளவு காசு வரும்’ என்பதை விட்டு, ‘அந்தக் காசே வராவிட்டாலும் இதைச் செய்வோமா’ என்று கேட்க ஆரம்பித்தோம்.

இப்போது நாங்கள் போட்ட கணக்கு. வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதுகிற மாதிரியே, ஆசை விலை போடாமல் எழுதினோம். உலக நாடுகளின் பருவநிலைக் குழு தெற்காசியாவுக்குச் சொல்லும் சராசரியை எடுத்துக்கொண்டால், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் ஏக்கருக்கு ஒரு போகத்தில் 40 கிலோ மீத்தேன் சுமார் கிளம்புகிறது. பல தடவை காய விட்டால் அதில் கிட்டத்தட்ட 18 கிலோ குறையும். அதை 28-ஆல் பெருக்கினால் 500 கிலோ. அதாவது ஒரு ஏக்கர், ஒரு போகம், அரை டன். டன்னுக்குப் பத்து டாலர், டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்தோம். அரை டன்னுக்கு 400 ரூபாய். இதில் நிறுவனம், அளக்கிறவர், மூன்றாம் ஆள் தணிக்கை, பதிவுக் கட்டணம் எல்லாம் போகப் பாதி வந்தால் 200 ரூபாய்.

இந்த 200-ஐ நான் கூட்டத்தில் படித்ததும் ஒருத்தர், “களை எடுக்க ஒரு ஆள் அரை நாள் வந்தா போச்சே” என்றார். அங்கேதான் விசயம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் களை அமுங்கும். காய விட்டால் எழும்பும். களை எடுப்பது யார்? ஆண்கள் மடையைத் திறந்து மூடுவார்கள், நாம்தான் குனிய வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்திப் பிறகு காய விட்டால் களை அவ்வளவு வராது என்று வேளாண் அலுவலகத்தில் சொன்னார்கள். கோனோ வீடர் உருட்டலாம் என்றும் சொன்னார்கள். அது சரி. ஆனால் எந்தத் திட்ட அறிக்கையிலும் களைக் கூலி என்று ஒரு வரி இல்லை. நாங்கள்தான் சேர்த்தோம்.

தண்ணீர் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் மிச்சமானால் காசு மிச்சமா? நம் மாநிலத்தில் 1990-லிருந்து விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். வங்காளதேசத்தில் டீசல் போட்டு இறைப்பவர்கள் போல இங்கே கணக்குப் போட முடியாது. நமக்கு மிச்சமாவது கிணறு. சித்திரையில் கிணறு வற்றி, கதிர் வந்த நேரத்தில் பயிர் காய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பாய்ச்சல் மிச்சம் என்பது பெரிய விசயம். மும்முனைக் கரண்டுக்காக ராத்திரி முழித்திருக்கும் நாள் குறைவதும் லாபம்தான். அதை ரூபாயில் எழுதத் தெரியவில்லை, நோட்டில் தனியாக எழுதி வைத்தோம்.

எல்லா வயலுக்கும் இது ஒத்துவராது என்பது ஊர் ஊராகப் போனபோது தெரிந்தது. ஏரிப் பாசனத்தில் வயலுக்கு வயல் தண்ணீர் வழிந்து போகிறது. நீர்க்கட்டி முறை வைத்துத்தான் விடுகிறார். மேல் வயல்காரர் கட்டி வைத்திருக்கும்போது நடுவில் ஒருத்தி மட்டும் என் வயலைக் காய விடுகிறேன் என்றால் எப்படி முடியும்? சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலைக் காய விடுவது வருண பகவான் கையில் இருக்கிறது. கிணற்றுப் பாசனத்தில் நவரைப் போகம்தான் சரியான இடம். ஆக, அந்தத் தம்பிகள் மொத்த நெல் நிலத்தையும் கணக்கில் காட்டினாலும், எங்கள் கையில் நின்றது அதில் ஒரு பகுதி. குறைந்த ஏக்கருக்குத் தணிக்கைச் செலவு கட்டாது, ஆயிரக்கணக்கான ஏக்கர் சேர்ந்தால்தான் கட்டும் என்று அவர்களே சொன்னார்கள். அந்த அவசரத்தில்தான் கூட்டமைப்பைத் தேடி வந்தார்கள் என்பதும் புரிந்தது. தப்பில்லை. ஆனால் நம் கையில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

மண்ணில் கார்பன் சேர்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்ம மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள், அங்ககக் கார்பன் என்ற இடத்தில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழே, ‘குறைவு’ என்று இருக்கும். ஒரு ஏக்கர் மண் ஒரு அடி ஆழத்துக்கு 1,700 டன் எடை இருக்கும். அதில் கார்பனைப் பத்தில் ஒரு சதவீதம் கூட்டினால் 1.7 டன் கார்பன், கரியமில வாயுவாகச் சொன்னால் ஆறு டன்னுக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வெயிலில் போட்ட எருவின் பெரும்பங்கு சில வருசத்தில் காற்றோடு போய்விடும். ஒரே கழனியில் இரண்டு மூலையில் மண் எடுத்தாலே அந்த அளவு வித்தியாசம் வரும். அதனால் கூடியதா, மண் எடுத்த இடம் மாறியதா என்று சண்டைதான் மிஞ்சும். எரு போடுவது மண்ணுக்கு நல்லது, போடுவோம். அதை விற்கிற சரக்காக நான் எழுதவில்லை.

மரத்தில்தான் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. அளப்பது சுலபம். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்து, அட்டவணையில் பார்த்துக் காய்ந்த எடையைப் போட வேண்டும். அதில் பாதி கார்பன். அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. வேரோடு சேர்த்து 100 கிலோ காய்ந்த எடை உள்ள மரம் 180 கிலோ சுமார் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு டன்னுக்கு ஐந்தாறு மரம் வேண்டும். டான்சானியாவில் 1999-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சின்னச் சின்னக் குழுக்களே மரத்தை எண்ணுகின்றன. மரத்துக்கு வருசம் 2 சென்ட் முன்பணம், கிரெடிட் விற்ற பிறகு லாபத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பங்கு எவ்வளவு என்று எழுதி வாங்க முடியும் என்பதற்கு அதை உதாரணமாகக் காட்டினோம்.

ஆனால் நம்மிடம் நீட்டிய தாளில் 30 வருசம் என்று இருந்தது. அதுவரை வெட்டக் கூடாது. ஐந்தாறு சவுக்கு மரத்தை விற்றால் வரும் காசு, அந்த ஒரு டன் கிரெடிட் காசைப் போல் பல மடங்கு. கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் மரம்தான் நம் உண்டியல். அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இன்னொருத்தரிடம் கொடுக்கிற மாதிரி. ஏற்கனவே வேம்பும் பனையும் வளர்த்து வைத்திருப்பவருக்குக் காசு இல்லை, புதிதாக நடுபவருக்கு மட்டும்தான் என்பதும் பலருக்குப் பிடிக்கவில்லை. “ஒழுங்கா தவணை கட்டுனவளுக்கு ஒண்ணும் இல்ல, கட்டாதவளுக்குத் தள்ளுபடி” என்றார் ஒரு ஊக்குநர். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தானாக நடக்காத ஒன்றுக்குத்தான் வாங்குகிறவன் காசு கொடுப்பான். நியாயம் புரிந்தாலும் வயிறு எரியத்தான் செய்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து யார் போடுவது? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர். நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி பெண்கள் பெயரில் சாகுபடி நடக்கும் நிலக்கணக்குகள் நூற்றுக்கு 14 சுமார். 1989-ஐ நாமெல்லாம் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய வருசமாகத்தான் கொண்டாடுகிறோம். அதே 1989-ல்தான் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. குழு வளர்ந்த அளவுக்குப் பட்டா மாறவில்லை. கூட்டமைப்பின் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பார்கள், களையும் நாமே எடுப்போம், பணம் மட்டும் வீட்டுக்காரர் வங்கிக் கணக்கில் ஏறும். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைப்பவர்கள் கணக்கிலேயே இல்லை. நிலமே இல்லாத உறுப்பினர்கள், ஆடு வைத்திருப்பவர்கள், நம் குழுக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மேய்க்கால் புறம்போக்கில் மரம் நடலாம் என்று அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு 1981 ஞாபகம் வந்தது.

2023-ல் நாங்கள் எடுத்த தீர்மானம் இதுதான். மர ஒப்பந்தம் வேண்டாம். மேய்க்கால் நிலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நவரையில் கிணற்றுப் பாசன வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் நாமாகவே செய்து பார்ப்போம், கார்பன் காசை எதிர்பார்க்காமல். ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப் பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் சொருக வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் நிலத்தடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். 15 செண்டிமீட்டர் இறங்கினதும் பாய்ச்ச வேண்டும், பூக்கும் நேரத்தில் மட்டும் காய விடக் கூடாது. முதல் வருசம் வீட்டுக்காரர்கள் “குழாயப் பாத்தா வயலுக்குத் தண்ணி காட்டறது?” என்று கேலி பேசினார்கள். விளைச்சல் குறையவில்லை என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. குழாய் அளவை எழுதும் வேலையை நிலமில்லாத உறுப்பினர்களுக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கூலி கொடுத்துச் செய்கிறோம். நோட்டு இருந்தால்தான் பின்னால் யார் வந்தாலும் பேச முடியும்.

நாம் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியிலும் நிலைமை ஆட்டம் கண்டது. கிரெடிட் பதிவு செய்யும் பெரிய அமைப்பான வெர்ரா, நெல் திட்டங்கள் பயன்படுத்தி வந்த பழைய அளவுமுறையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களை ஒரேயடியாகத் தள்ளியது. 2025-ல்தான் புது முறை வந்தது. இடையில் நம் ஒன்றிய வேளாண் அமைச்சகமும் 2024 ஜனவரியில் விவசாயத்துக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக்கு ஒரு வழிமுறை வெளியிட்டது. அதனால் கதவு மூடவில்லை.

இந்த வருசம் வேறொரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. செயற்குழு ஒரு பக்கப் பதில் அனுப்பியிருக்கிறது. டன்னுக்குக் குறைந்தபட்ச விலை எழுதித் தருவீர்களா, விற்ற விலையை எங்களுக்குக் காட்டுவீர்களா, பட்டா இல்லாத பெண்ணின் கணக்கில் நேரடியாகப் பணம் ஏற்ற முடியுமா, களைக் கூலி யார் பொறுப்பு, இடையில் விலக வழி உண்டா என்று கேட்டிருக்கிறோம். விலைக்கும் விலகுவதற்கும் பதில் வந்துவிட்டது, கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் பார்க்கலாம். பட்டா இல்லாதவர்களுக்கு நிலச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் போதும் என்கிறார்கள். அந்தக் கடிதத்தின் வாசகத்தைத் தை மாதக் கூட்டத்தில் படிக்கிறோம். களைக் கூலிக்கு இன்னும் பதில் இல்லை.